கால் மிஷினில் மாட்டிய மினி மோட்டார்: வீட்டில் தைக்கும் பெண்களுக்காக ஒரு விமர்சனம்

வீட்டில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கும் பெண்கள் என்னைப் பார்த்தால் கேட்பது ஒன்றுதான்: பழைய கால் மிஷினுக்கு மோட்டார் மாட்டலாமா, போட்ட காசுக்குத் தகுமா? மாட்டலாம். நான் மாட்டி ஒரு தீபாவளியும் முகூர்த்த சீசனும் பார்த்தாயிற்று, அதனால் நல்லது கெட்டது இரண்டையும் தைரியமாகச் சொல்ல முடியும். ஆனால் இந்த மோட்டார் உடம்பில் எதைக் காப்பாற்றும், எதைக் காப்பாற்றாது என்று பிரித்துச் சொல்லாமல் ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. தையல் மிஷினும் பெண்கள் உடம்பும் பற்றிய இதே பேச்சு 150 வருடங்களுக்கு முன்பே பாரிஸிலும் லண்டனிலும் நடந்திருக்கிறது, அதில் நமக்கு வேண்டிய விஷயம் நிறைய இருக்கிறது. தர்மபுரி அரசு கலைக் கல்லூரியில் வரலாறு படித்தவள் என்பதால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பொருள். தர்மபுரி பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஒரு மிஷின் ஸ்பேர் கடையில் வாங்கினேன். கையடக்கமான கருப்பு மோட்டார், அதைப் பிடிக்கும் இரும்பு பிராக்கெட், சின்ன ரப்பர் பெல்ட், காலில் அழுத்தும் கன்ட்ரோல் பெடல், ஒயர், அவ்வளவுதான் பெட்டியில் இருக்கும். விலை ஆயிரத்து ஐந்நூறிலிருந்து இரண்டாயிரத்துக்குள். காப்பர் வைண்டிங் (மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பி செம்பு) என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியம் வைண்டிங் இருநூறு முந்நூறு குறைவாகக் கிடைக்கும், ஆனால் சீக்கிரம் சூடேறும். பெரிய கம்பெனிப் பெயர் எதுவும் என்னுடையதில் இல்லை, கடைக்காரர் தன் கடை ஸ்டிக்கரை ஒட்டி ஆறு மாத கேரண்டி எழுதிக் கொடுத்தார்.

மாட்டுவது பெரிய வேலை இல்லை. நம் கருப்பு மிஷின் தலையின் பின்பக்கம், வீல் பக்கமாக, ஒரு ஸ்குரூ போடும் ஓட்டை இருக்கும், பிராக்கெட் அதில்தான் உட்காரும். பிறகு தோல் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டார் புல்லிக்கும் மிஷின் வீலுக்கும் ரப்பர் பெல்ட்டைப் போட்டால் ஓடத் தொடங்கிவிடும். ஆனாலும் முதல் தடவை மெக்கானிக்கைக் கூப்பிட்டே மாட்டுங்கள் என்பேன், ஏனென்றால் பெல்ட் இறுக்கம் சரியாக இருக்க வேண்டும். இறுக்கம் அதிகமானால் மோட்டார் முக்கும், சூடாகும், கார்பன் பிரஷ் (மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் சின்னக் கரித்துண்டு) தேய்ந்து கருகிய வாடை வரும். தளர்வாக இருந்தால் நாலு மடிப்பு ஏறும் இடத்தில், அதாவது கை இடுக்குத் தையலில், வீல் நின்றுவிடும், மோட்டார் மட்டும் உறுமும். எங்களுக்கு வந்த மெக்கானிக் அண்ணன் விரலால் பெல்ட்டை அழுத்திப் பார்த்து, அரை விரல்கட்டை அமுங்கினால் சரி என்று சொல்லிக் கொடுத்தார். அந்தக் கணக்கை நான் இன்றுவரை மாற்றவில்லை.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் எண்ணெய். கால் மிஷினாக இருந்தபோது வாரம் ஒரு தடவை விட்டால் போதும். மோட்டாரில் தலை அதைவிட வேகமாகச் சுற்றுகிறது, எனவே தினமும் காலையில் ஷட்டில் பக்கம் ஒரு சொட்டு, மேலே ஓட்டைகளில் ஒவ்வொரு சொட்டு. விடாவிட்டால் சத்தமே காட்டிக் கொடுத்துவிடும்.

ஓட்டம் எப்படி? நேர்த் தையல் என்றால் பிரமாதம். பாவாடை ஓரம், புடவை ஃபால்ஸ், தலையணை உறை, பள்ளிச் சீருடை, இதெல்லாம் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடியும். குறை, மெதுவான தையலில்தான். இந்த மலிவு விலை மோட்டார்களுக்கு நிதானமாகத் தொடங்கத் தெரியாது. பெடலை லேசாக அழுத்தினால் ஒன்றும் நடக்காது, இன்னும் கொஞ்சம் அழுத்தினால் திடீரென்று பாயும். கழுத்துக்குப் பைப்பிங் (ஓரத்தில் வைக்கும் மெல்லிய பட்டை) வைக்கும்போதும் கப் ஜாயின்ட் (மார்பு வளைவுத் தையல்) திருப்பும்போதும் இது பெரிய தொல்லை, ஊசி உடையும், துணி இழுக்கும். இதற்கு நான் கண்ட வழி: ஊசி துணிக்குள் இறங்கியிருக்கும் நிலையில் நிறுத்தி, வலது கையால் வீலைத் தொட்டுக்கொண்டே பெடலை அழுத்துவது. கை பிரேக் மாதிரி வேலை செய்யும். பழகிக்கொள்ள வேண்டும், பழகிவிட்டால் விரல் தானாகப் போகும். நிறைய டிசைன் பிளவுஸ் தைப்பவர்கள், கொஞ்சம் பணம் சேர்த்து சர்வோ மோட்டார் வைத்த பவர் மிஷினுக்கே போய்விடுவது நல்லது. அதில் வேகத்தைக் குறைத்து வைக்கலாம், சத்தமும் இல்லை. விலை பல மடங்கு என்பதால் எல்லோருக்கும் முடியாது, எனக்கும் முடியவில்லை.

இப்போது உடம்பு.

கால் மிஷின் மிதித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சீசனில் ராத்திரி படுத்தால் கெண்டைச் சதை இழுத்துக்கொள்ளும், தொடை விறைத்துப் போகும், மாதவிலக்கு நாட்களில் அடிவயிறு கனத்து மிதிக்கவே முடியாது, ஆபரேஷன் ஆன பெண்கள் ஆறு மாதம் மிஷின் பக்கம் போகவே பயப்படுவார்கள். எங்கள் மாவட்டத்தில் இதில் இன்னொரு சங்கடமும் சேர்ந்திருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்ததற்கே அதுதான் காரணம். போர்த் தண்ணீரையே குடித்து வளர்ந்த எங்கள் அம்மா வயதுப் பெண்களில் மூட்டு இறுகிப் போனவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அந்தக் காலை வைத்துக்கொண்டு நாள் முழுக்க மிஷின் மிதித்தவர்களும் அவர்களில் உண்டு. இந்த மிஷின் என் அம்மாவுடையது, அம்மாவால் இப்போது மாடிப்படி ஏற முடியாது. எனவே மோட்டார் மாட்டிய முதல் வாரத்தில் ராத்திரி கால் வலிக்காமல் தூங்கியது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. கால் வலி குறைகிறது, கண்டிப்பாகக் குறைகிறது. அதற்காக மட்டுமே வாங்குகிறீர்கள் என்றால் மேற்கொண்டு யோசிக்க வேண்டாம்.

ஆனால் முதுகும் கழுத்தும் கண்ணும்? அங்கேதான் கதை வேறு.

1866-ல் பாரிஸில் கிபூ என்ற மருத்துவர் அங்கிருந்த மருத்துவர் சங்கத்தின் முன்னால், தையல் மிஷின் பெண்களின் உடம்பைக் கெடுக்கிறது என்று அறிக்கை வாசித்தார். மருத்துவமனைக்கு வரும் மிஷின்காரப் பெண்கள் மெலிந்துபோய், களைத்து, வெள்ளைப்படுதலோடு வருகிறார்கள் என்றார். அதுவரை சரி. ஆனால் இரண்டு காலையும் விடாமல் ஆட்டி மிதிப்பதால் பெண்களுக்கு வேறு மாதிரி உணர்ச்சி தூண்டப்படுகிறது, அதனால்தான் உடம்பு போகிறது என்றும் சேர்த்துச் சொன்னார். அடுத்த பல வருடங்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மருத்துவர்கள் இதையே பிடித்துக்கொண்டு விவாதித்தார்கள். படித்தபோது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. காலையில் உட்கார்ந்தவள் ராத்திரிதான் எழுந்திருக்கிறாள், நல்ல சாப்பாடு இல்லை, காற்று இல்லை, அவள் மெலிந்து போனதற்கு அவள் ஒழுக்கத்தில் போய்க் காரணம் தேடியிருக்கிறார்கள்.

நல்லவேளை, எல்லோரும் அப்படி இல்லை. தெகேன் என்ற இன்னொரு பிரெஞ்சு மருத்துவர் 600-க்கும் மேற்பட்ட தையல் மிஷின் பெண்களை விசாரித்து 1870-ல் எழுதினார். அவர் கண்டது நமக்குத் தெரிந்ததுதான்: குற்றம் மிஷினில் இல்லை, மிதமிஞ்சிய வேலை நேரத்தில் இருக்கிறது. அளவாகத் தைத்த பெண்களுக்கு மிஷினால் பெரிய கெடுதல் இல்லை. எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் எந்த வேலையை ஒரே நிலையில் உட்கார்ந்து செய்தாலும் உடம்பு இதைத்தான் காட்டும். இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் மோட்டாரைப் பற்றி நான் சொல்லப் போவதும் புரிந்துவிடும்.

மிஷின் வந்த புதிதில் விற்பனைக்காக ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அமெரிக்காவில் வீலர் அண்ட் வில்சன் கம்பெனி 1860 வாக்கில் வெளியிட்ட கணக்கு அது: ஆண்கள் சட்டை ஒன்றைக் கையால் தைக்க 14 மணி 26 நிமிடம், மிஷினில் 1 மணி 16 நிமிடம். இதைப் பார்த்த எவரும் என்ன நினைப்பார்கள்? இனித் தையல்காரி மத்தியானத்தோடு வேலையை முடித்துவிட்டு எழுந்துவிடலாம் என்றுதானே. நடந்தது அது இல்லை. சட்டைக்குக் கொடுக்கும் கூலி இறங்கியது, முன்பு கிடைத்த காசைப் பார்க்க இன்னும் நிறையச் சட்டை தைக்க வேண்டிய நிலை வந்தது, மிஷினை வேறு தவணையில் வாங்கியிருந்தார்கள். சிங்கர் கம்பெனி 1850களிலேயே தவணை முறையைக் கொண்டுவந்துவிட்டது. உடம்பு சரியில்லை என்று ஒரு வாரம் படுத்தாலும் தவணைக்காரன் வந்து நிற்பான். நம் ஊரில் குழு லோன் எடுத்து மிஷின் வாங்கியவர்களுக்கு, வாரத் தவணை நாள் அன்றைக்கு வயிற்றில் புளி கரைவது எப்படி என்று தெரியும்.

மோட்டார் மாட்டிய பிறகு எனக்கு நடந்தும் கிட்டத்தட்ட இதுதான். முன்பு லைனிங் பிளவுஸ் ஒன்றை முடிக்கும் நேரத்தில் இப்போது ஒன்றரை முடிகிறது. வேகமாகத் தைக்கிறாள் என்று தெரிந்ததும் ஆர்டர் கூடியது, தெருவைத் தாண்டிப் பக்கத்து நகரிலிருந்தும் வந்தார்கள், "அக்கா, உங்ககிட்டதான் மோட்டார் இருக்கே, நாளைக்கே குடுத்துடுங்க" என்று கேட்கத் தொடங்கினார்கள். கூலியை ஏற்றிக் கேட்டால், "மிஷினே ஓடிடுது, இதுக்குப் போய் இவ்வளவா" என்கிறார்கள். சாதா பிளவுஸுக்கு நூற்று இருபது, லைனிங்குக்கு இருநூற்று ஐம்பது, இதில் நூல், கொக்கி, கேன்வாஸ், கரண்ட் எல்லாம் என் பொறுப்பு. ஆக, காலுக்குக் கிடைத்த ஓய்வு அப்படியே முதுகின் தலையில் விடிந்தது. கால் மிஷினில், வலிக்கிறது என்று கால் தானே நின்றுவிடும், எழுந்து ஒரு சொம்பு தண்ணீர் குடிப்போம். மோட்டாருக்கு அந்த நிறுத்தம் கிடையாது. மணி என்ன ஆனது என்றே தெரியாது, எழுந்தால்தான் இடுப்பு நிமிராமல் நிற்பது தெரியும்.

நூலும் கொக்கியும் நம் பொறுப்பு என்று சொன்னேனே, அதுவும் புதுசு இல்லை. லண்டனில் வீட்டில் சட்டை தைத்த பெண்கள் 1840களில் நூலையும் மெழுகுவத்தியையும் தங்கள் கூலியிலிருந்துதான் வாங்கினார்கள். இன்றைக்கு மெழுகுவத்தி போய் எல்இடி பல்பு வந்திருக்கிறது, காசு அதே கையிலிருந்துதான் போகிறது.

கண்ணைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 1843-ல் இங்கிலாந்தில் அரசாங்கக் கமிஷன் ஒன்று தையல், தொப்பி வேலை செய்யும் பெண்களின் நிலையை விசாரித்தது. சீசனில் தினமும் 15 மணி நேரத்துக்குக் குறையாமல் வேலை, பல நாள் விடிய விடிய. அங்கே சீசன் என்றால் லண்டன் பெரிய வீட்டுக்காரர்களின் விருந்து, நடன மாதங்கள். அதை விட்டால் திடீர் துக்கம், ஒரு வீட்டில் சாவு என்றால் குடும்பத்துக்கே கருப்பு உடுப்பு மறுநாளைக்குள் வேண்டும். கருப்புத் துணியில் கருப்பு நூல், மெழுகுவத்தி வெளிச்சம். அந்த விசாரணையில் ஒரு கண் மருத்துவர் தன்னிடம் வந்த 17 வயதுப் பெண்ணைப் பற்றிச் சாட்சி சொன்னார். கண் பார்வை முழுக்கப் போய்விட்டது. துக்க உடுப்பு ஆர்டருக்காக ஒன்பது நாள், ஒன்பது ராத்திரி உடுத்திய உடையைக்கூட மாற்றாமல் தைத்திருக்கிறாள். எப்போதாவது ஒரு மணி, இரண்டு மணி நேரம் தரையில் போட்ட மெத்தையில் படுக்க விடுவார்கள். சாப்பாட்டை வெட்டித் துண்டு போட்டுப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள், சாப்பிடும் நேரமும் வீணாகக் கூடாது என்று.

வெட்டி வைத்த அந்தச் சாப்பாடு என் மனதை விட்டுப் போகவே இல்லை. ஏனென்றால் தீபாவளிக்கு முந்தின வாரம் எங்கள் தெருவில் எந்தத் தையல்காரி வீட்டுக்குப் போனாலும் மிஷின் மேஜை ஓரத்தில் ஒரு தட்டு இருக்கும், ஆறிப் போன இட்லி இரண்டு, மேலே ஒரு நியூஸ் பேப்பர். பிள்ளை வந்து வாயில் ஊட்டிவிட்டுப் போகும். என் மகளும் ஊட்டியிருக்கிறாள். அவளுக்கு அது விளையாட்டு. அங்கே மேஸ்திரி வைத்த தட்டு, இங்கே நாமே வைத்துக்கொள்கிற தட்டு, வித்தியாசம் அவ்வளவுதான்.

மேரி ஆன் வாக்லி என்ற பெண்ணின் பெயரைத் தையல் வேலை செய்யும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். வயது 20. 1863 ஜூனில் லண்டனின் பெரிய உடுப்புக் கடை ஒன்றில் வேலை செய்தாள். வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்திருந்த இளவரசிக்கு நடன விருந்து, அதற்குப் போகும் சீமாட்டிகளின் உடுப்பு உடனே முடிய வேண்டும். அவளும் இன்னும் அறுபது பெண்களும், அறைக்கு முப்பது பேராக, இருபத்தாறரை மணி நேரம் இடைவிடாமல் தைத்தார்கள். கை ஓயாமல் இருக்க அவ்வப்போது காபியும் ஒயினும் கொடுத்தார்கள். தூங்குவதற்குப் பலகை வைத்து அடைத்த ஒரு பொந்து, ஒரு படுக்கையில் இருவர். வெள்ளிக்கிழமை படுத்தவள் ஞாயிற்றுக்கிழமை இறந்துபோனாள். பார்த்த மருத்துவர் நேராகவே சொன்னார், கூட்டம் நிறைந்த அறையில் நீண்ட நேரம் வேலை செய்ததும் காற்றில்லாத சின்ன அறையில் படுத்ததும்தான் சாவுக்குக் காரணம் என்று. விசாரித்த ஜூரிகள் அதை அப்படியே ஏற்கவில்லை. அபோப்ளெக்ஸி, அதாவது மூளையில் திடீரென ஏற்பட்ட தாக்கு என்று எழுதி, அதிக வேலை சாவைத் துரிதப்படுத்தியிருக்கலாம் என்று பயப்பட இடமிருக்கிறது என்று பட்டும் படாமலும் முடித்துவிட்டார்கள்.  மிஷின் வருவதற்கு முன்பும் இதே கதை, வந்த பின்பும் இதே கதை என்றால் எங்கே கோளாறு என்று யோசித்துப் பாருங்கள்.

சட்டம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் பஞ்சாலைப் பெண்களுக்கு 1844-ல் 12 மணி நேரம் என்றும் 1847-ல் 10 மணி நேரம் என்றும் வரம்பு வந்தது. 1867-ல் சின்னப் பட்டறைகளையும் சேர்த்தார்கள். நம் நாட்டில் 1881 தொழிற்சாலைச் சட்டம் பெண்களின் நேரத்தைத் தொடவே இல்லை, 1891-ல்தான் பெண்களிடம் 11 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஒன்றரை மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்று வந்தது, அதுவும் பெரிய ஆலைகளுக்கு மட்டும். வீட்டில் உட்கார்ந்து பீஸ் கணக்கில் தைத்தவள் எந்த இன்ஸ்பெக்டர் கண்ணுக்கும் எட்டாமலே இருந்தாள். 1888-லிருந்து 1890 வரை இங்கிலாந்துப் பிரபுக்கள் சபையின் குழு ஒன்று இந்தப் பீஸ் வேலைகளை விசாரித்து, அளவுக்கு மீறிய நேரம், வயிற்றுக்குப் போதாத கூலி, சுகாதாரமில்லாத இடம் மூன்றும் சேர்ந்ததுதான் இது என்று எழுதி வைத்தது. இன்றைக்கு எங்கள் பெண்கள் ஓசூர் கார்மெண்ட்ஸுக்குப் போனால் அங்கே ஷிப்ட் முடிந்தால் மணி அடிக்கும், ஓவர்டைம் என்று ஒரு கணக்காவது இருக்கும். வீட்டில் தைப்பவளுக்கு மணி அடிக்க ஆள் இல்லை. ஒன்று மட்டும் உண்டு: தமிழ்நாடு தையல் தொழிலாளர்கள் நல வாரியம். 18 வயதிலிருந்து 60 வரை பதியலாம், தொழிலாளர் துறை மூலமாக. எங்கள் தெருவில் பாதிப் பேர் பதியவே இல்லை. மிஷின் வாங்கும் அன்றைக்கே அதையும் பதிந்துவிடுங்கள் என்று கையைப் பிடித்துச் சொல்வேன்.

சரி, மோட்டாருக்கே வருகிறேன். குறைகள் இன்னும் சில இருக்கின்றன. தொடர்ந்து ஒரு மணி நேரம் ஓட்டினால் மோட்டார் மேல் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகிறது. காலடியில் இருக்கும் கன்ட்ரோல் பெடலும் சூடாகும், வெறுங்காலோடு அழுத்தினால் தெரியும். அப்போது நிறுத்திப் பத்து நிமிடம் விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் வைண்டிங் போய்விடும். நான் அந்தப் பத்து நிமிடத்தை மோட்டாருக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வதில்லை, நானும் எழுந்துவிடுகிறேன். மாடிக்குப் போய்த் துணி எடுப்பது, இடுப்பைப் பின்பக்கம் வளைப்பது, தூரத்தில் தெரிகிற மலையைப் பார்த்துக் கண்ணை ஆற்றுவது. சூடாகிற மோட்டார் கெட்ட மோட்டார் என்று கடையில் சண்டை போடாதீர்கள், இந்த விலைக்கு இப்படித்தான்.

பெடல் வைக்கும் இடம் முக்கியம். கால் மிஷினில் இரண்டு பாதமும் வேலை செய்யும், இதில் வலது பாதம் மட்டும். குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தை நாள் முழுக்கத் தூக்கிப் பிடித்தே இருப்பதால் கணுக்காலுக்கு மேலே முன்பக்கத்தில் ஒரு புதுவலி வரும். எனக்கு வந்தது. பெடல் உயரத்துக்குச் சமமாக ஒரு மரக்கட்டையைக் குதிகாலுக்கு அடியில் போட்டதும் குறைந்துவிட்டது. ஆசாரியிடம் கேட்டால் வேஸ்ட் கட்டையில் ஒன்று செதுக்கித் தருவார். பெடல் நகராமல் இருக்க அடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டை ஒட்டுங்கள். அதைவிட முக்கியம் உட்காரும் இடம். தயவுசெய்து ஸ்டூலில் உட்கார்ந்து மோட்டார் மிஷின் ஓட்டாதீர்கள். முதுகு சாய்மானம் உள்ள நாற்காலி, முழங்கை மேஜை மட்டத்துக்கு வரும் உயரம், பிளாஸ்டிக் சேர் தாழ்வாக இருந்தால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சேர். மோட்டாருக்குச் செலவழிக்க ஆயிரத்து ஐந்நூறு இருக்கிறது, சேருக்கு ஐந்நூறு இல்லை என்றால் முதலில் சேரை வாங்குங்கள். ஊசிக்குப் பக்கத்தில் காந்தம் வைத்த எல்இடி லைட் நூற்று ஐம்பதுக்குக் கிடைக்கிறது, கருப்புத் துணி தைப்பவர்களுக்கு அது கட்டாயம். ராத்திரியில் கருப்புத் துணியை நான் இப்போது எடுப்பதே இல்லை, காலை வெளிச்சத்துக்கு என்று தனியாக ஒதுக்கிவிடுகிறேன்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கவனம் வேண்டும். கால் மிஷினில் பெல்ட்டைக் கழற்றி வைத்தால் போதும். இதில் பிளக்கைப் பிடுங்காமல் எழுந்தால், குழந்தை பெடல் மேல் ஏறி நின்றாலே ஊசி பாயும். சத்தமும் உண்டு, ராத்திரி ஒன்பதுக்கு மேல் ஓட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். எனக்கு அது வசதியாகப் போயிற்று. ஒன்பதுக்கு மேல் மோட்டார் கிடையாது என்று வாடிக்கையாளர்களிடம் சொல்ல ஒரு காரணம் கிடைத்தது. அவசரம் என்று கேட்பவர்களுக்குத் தனி ரேட் வைத்துவிட்டேன், பிளவுஸுக்கு நூறு ரூபாய் கூடுதல், சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். எங்கள் தெருவில் தைக்கும் மற்ற நான்கு பேரும் அதே ரேட்டை ஒட்டியதும் "அந்த அக்கா கம்மியா வாங்கறாங்களே" என்ற பேச்சு நின்றது. இதைத் தனியாகச் செய்தால் ஆர்டர் போய்விடும், சேர்ந்து செய்தால் போகாது. கரண்ட் பில் பற்றிப் பயப்பட வேண்டாம், இந்த மோட்டார் ஒரு குண்டு பல்பு இழுக்கும் அளவுக்குத்தான் இழுக்கிறது, என் பில்லில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

பழைய தோல் பெல்ட்டைத் தூக்கி எறியாதீர்கள். கரண்ட் இல்லாத நேரத்துக்கும், பைப்பிங் போன்ற நுணுக்க வேலைக்கும் கால் மிஷின்தான் இன்றும் சரி. இரண்டு பெல்ட்டையும் மாற்றி மாற்றிப் போட ஐந்து நிமிடம்கூட ஆகாது. மாற்றுத்திறனாளிகள் மோட்டார் பொருத்திய மிஷினை அரசுத் திட்டத்திலேயே கேட்கலாம், சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் இலவசத் தையல் மிஷினும் கொடுக்கிறார்கள், கலெக்டர் ஆபீஸில் அந்தந்தத் துறையில் விசாரித்துவிட்டு அப்புறம் கைக்காசைப் போடுங்கள்.

என் மதிப்பெண்: காலுக்கு ஐந்துக்கு ஐந்து, நேர்த் தையலுக்கு ஐந்துக்கு நாலரை, நுணுக்க வேலைக்கு இரண்டு. வாங்குவதானால் ஆவணி, புரட்டாசியிலேயே வாங்கி மாட்டிப் பழகிவிடுங்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் கடையில் காப்பர் வைண்டிங் மோட்டாரும் கிடைக்காது, மாட்டிக் கொடுக்க மெக்கானிக்கும் வர மாட்டார். உதிரியாக ஒரு ஜோடி கார்பன் பிரஷ்ஷும் ஒரு ரப்பர் பெல்ட்டும் அப்போதே வாங்கி மேஜை டிராயரில் போட்டு வையுங்கள்.